அடக்கம்

முதல் டொக்டர் ஸ்கேனைப் பார்த்து
ஒண்டுமில்லை என்றார்.
இரண்டாமவர் கர்ப்பப்பையைக் கழற்றினால் சரி என்றார்.
மூன்றாமவரிடம் நான் பாதிதான் சொன்னேன்,
கதவு திறந்து கிடந்தது,
வரிசையில் பெரியநீலாவணைச் சனம்.

கல்முனை ஆஸ்பத்திரி, பின்பக்கக் கட்டடம்.
பாரிசவாதக்காரர் கம்பியைப் பிடித்து
நடை பழகும் கூடத்துக்கு அடுத்த அறை.
பிழையான இடத்துக்கு அனுப்பிட்டாங்க என்று
துண்டை நீட்டினேன்.
டொக்டர் சிஹானா எழும்பிப் போய்
முதலில் கதவைச் சாத்தினார்.

எங்கே நோகுது என்று கேட்கவில்லை.
நிற்கச் சொன்னார். நடக்கச் சொன்னார்.
செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தார்,
இடது குதி தேய்ந்திருந்தது.
பல்லைக் கடிச்சபடியா நித்திரையால எழும்புறீங்க?
சைக்கிளால விழுந்ததுண்டா?
மூச்சு எங்க போகுது, நெஞ்சுக்கா வயித்துக்கா?
நான் சிரித்துவிட்டேன்.
மூச்சு போற வழியை
ஆர் மிஸ் பாத்துக்கொண்டிருக்கிற?

வேலை?
காமெண்ட். இடுப்புப் பட்டி லைன்.
நாளைக்கு எழுநூறு காற்சட்டை,
இலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும்.
பாத்ரூமுக்கு லைனுக்கே ஒரு அட்டை,
சுப்பவைசரின் மேசையில்.
அது என் கைக்கு வர மணி பன்னிரண்டு.
பரவாயில்லை மிஸ், எனக்கு அடக்கிப் பழக்கம்.

பேனை நின்றது.
"எப்ப இருந்து?"

ஏழு வருசமாய் நோவைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு.
இதை ஒருவரும் கேட்டதில்லை.

பதினாலு வயது. கடல் வந்த மார்கழி.
ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம்,
அறுநூறு பேருக்கு நாலு கக்கூஸ்,
கொளுக்கி இல்லாத தகரக் கதவு.
பகலில் போவதில்லை என்று
குமர்ப்பிள்ளைகள் நாங்களே முடிவெடுத்தோம்.
தண்ணீர் குடிக்காமல், துடையோடு துடை ஒட்டி,
இருட்டும்வரை.
அடக்கமான பிள்ளை என்று
முகாமில் எனக்கு நல்ல பெயர்.

கையுறை போட்டவர்
ஒவ்வொரு தரமும் கேட்டார்:
தொடலாமா. இப்ப. இன்னும் கொஞ்சம்.
வேணாமெண்டா விரலைத் தூக்குங்க, நிப்பாட்டுவன்.
இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு.
இதுவரை ஒருவரும் அதைக்
கேட்டுத் தொட்டதில்லை.

உள்ளே ஒரு தசை கயிறுபோல் இறுகி நிற்குது என்றார்.
புற்றுமில்லை, உங்கட பொய்யுமில்லை.
காவல் நிற்குது.
முகாம் கலைந்து இருபது வருசம்,
அதற்குத்தான் ஒருவரும் போய்ச் சொல்லவில்லை.

எனக்கு விளங்கியது இலாஸ்டிக்கில்தான்.
ராப்பகலாய் இழுத்தே வைத்தால்
செத்துப்போகும் மிஸ்,
விரியவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது.
அதை அப்படியே என் துண்டில் எழுதிக்கொண்டார்.

குளிசை ஒன்று, இரவைக்குப் பாதி.
சுவரில் காலை வைத்துப் படுத்து
வயிறு பொம்ம மூச்சு எடுக்க வேண்டும்.
(வயிற்றை எக்கு, எக்கு என்று வளர்த்த பிள்ளைக்கு
இது லேசில்லை.)
குதிக்கு ஒரு மெத்தை. காலையில் பப்பாசி.
ஃபக்டரிக்குக் கடிதம்: இரண்டு மணிக்கொரு தரம்,
அட்டை இல்லாமல்.
மறுகா, உங்கட அவரையும் கூட்டிட்டு வாங்க.

கமலநேசன் கதிரை நுனியில் இருந்தான்.
என்னை வேணாமெண்டுதான் தள்ளுறா
எண்டு நினைச்சன், என்றான்
மேசைக் காலிடம்.
திரும்பும்போது பேச்சில்லை.
பாண்டிருப்பில் ஓட்டோவை ஓரங்கட்டி
இளநீர் வாங்கி வந்தான்.
முழுக்கக் குடி.
வழியில எங்க வேணுமெண்டாலும் நிப்பாட்டுறன்.

ஆறு மாசம். பத்தில் எட்டு இருந்தது, இப்போது நாலு.
மழைக்கு ஐந்து. ஷிப்மெண்ட் கிழமை ஆறு.
கடிதம் சுப்பவைசரின் லாச்சிக்குள் கிடக்கிறது,
நான் எழும்பிப் போகிறேன்.

நேற்று பக்கத்து மெஷின் தர்மினி
தலை நிமிராமல் கேட்டாள்:
அட்டை எடுக்காமலா அக்கா?
அவளின் முழங்கால் இரண்டும் ஒட்டியிருந்தன.

வாகா, என்றேன்.